நாலாம் நம்பர் தகடு

இப்போதெல்லாம் மனிதர் வீடு தேடி மனிதர் வருவது கிடையாது. புள்ளி தேடித்தான் வருகிறார்கள். போனில் ஒரு புள்ளியை அனுப்பச் சொல்ல வேண்டியது, அதையே பார்த்துக்கொண்டு வண்டியை ஓட்டி வர வேண்டியது. தெரு முக்கத்தில் நிற்கிற ஆளிடம் "சோலையப்பன் வீடு எதுங்க?" என்று கேட்டால் வாயா தேய்ந்துவிடும்? கேட்டால் அந்த ஆள் வழியையும் சொல்வான், சோலையப்பன் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதையும் சேர்த்துச் சொல்வான். புள்ளி சொல்லுமா? வாய்ச்சொல்லுக்கு இன்றைக்கு மதிப்பே இல்லை. எதற்கெடுத்தாலும் படம் கொண்டா, தாள் கொண்டா, கையெழுத்துப் போடு.

செவ்வாய்க்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து மகள் பிரகதீஸ்வரி போன் போட்டு, "தோப்புக்கு லொக்கேஷன் அனுப்பச் சொல்லி யாருகிட்டயாச்சும் கேளுங்கப்பா" என்றபோது சோலையப்பனுக்கு இந்த எரிச்சல்தான் வந்தது.

"தோப்பு எங்க ஓடிப் போவுது? கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுல எறங்கி என் பேரச் சொன்னா மாடுகூட வழி காட்டும். ஒனக்கே மறந்து போச்சா?"

"எனக்கில்லப்பா. வியாழக்கிழமை என்கூட ஒரு மேடம் வாராங்க. மரத்தப் பாக்கணுமாம்."

"எந்த மரத்த?"

"வேற எந்த மரம்? நாலாம் நம்பர்தான்."

சோலையப்பன் டீ கிளாஸை வாய் வரைக்கும் கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்தார். எழுபத்து நாலு வயதில் நெஞ்சு அடித்துக்கொள்ள எத்தனையோ காரணம் உண்டு. இது அதில் எதுவும் இல்லை.

"எதுக்காம்?"

"விசாரணைக்குப்பா."

பிரகதீஸ்வரி சின்ன வயதிலிருந்தே அழுகிற பிள்ளை இல்லை. பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவாள், அப்பனைப் போல. அன்றைக்கு அவள் குரல் நூலாக இழுத்தது. ஆறு வருடமாக எந்தச் சோதனையும் பழைய மாதிரி வரவில்லையாம். மெஷினை மாற்றிப் பார்த்தாளாம், மருந்தை மாற்றிப் பார்த்தாளாம், அவளிடம் படிக்கிற ஒரு பெண்ணை 'உன் கை சுத்தமில்லை' என்று திட்டி அழவைத்தாளாம். போன வருடம் வெளிநாட்டில் ஒரு ஆராய்ச்சிக் குழு இவள் அனுப்பிய கொட்டையை வைத்து அதே சோதனையைச் செய்து பார்த்ததில் ஒன்றுமே வரவில்லை.

"மொத மொத நான் எழுதுனதே கற்பனையாம்ப்பா. அப்படி ஒரு மரமே கெடையாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"எவன் எழுதுனான்? அவனக் கூட்டிக்கிட்டு வா."

"சண்டை போடுற வேலை இல்லப்பா இது. மேடம் வந்து பாத்துட்டு மரம் இல்லன்னு எழுதிட்டாங்கன்னா லேபைப் பூட்டிருவாங்க. இருபத்திரண்டு வருஷமும் பொய்யின்னு ஆயிரும். அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊருக்கு வருவேன்?"

போன் அணைந்தது. சோலையப்பன் ஆறிப்போன டீயை எடுத்து முற்றத்தில் ஊற்றினார்.

நாலாம் நம்பர் மரம் இல்லை. ஏழு வருடமாக இல்லை.

மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் சோலையப்பன், "சக்கரை ஆராய்ச்சி" என்பார். கேட்டவர்கள் கரும்பாலை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவரும் திருத்தமாட்டார். திருத்துவதற்கு அவருக்கே பிடிபட்டால்தானே?

அவள் பல தடவை சொல்லித்தான் பார்த்தாள். உடம்பில் ஓடுகிற புரதத்தின் மேலே சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், பலாப்பழத்துத் தோலில் முள் நிற்கிற மாதிரி. சிறுநீரகம் கெட்டுப்போகிற ஒரு நோயில் அந்த முள் மொன்னையாகிவிடுகிறதாம். பலாக்கொட்டையில் ஒரு சத்து இருக்கிறது. அது அந்தச் சர்க்கரையைக் கப்பென்று பிடித்துக்கொள்ளும், பலாப்பால் கையில் ஒட்டுகிற மாதிரி. எல்லா மரத்துக் கொட்டையும் பிடிக்கும். ஆனால் இந்த நாலாம் நம்பர் மரத்துக் கொட்டை மட்டும் நல்ல முள்ளையும் மொன்னை முள்ளையும் பிரித்துக் காட்டுகிறது. ஏன் என்று அவளுக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதில்தான் அவள் தலைமுடி நரைத்தது. கண்டுபிடித்துவிட்டால் முதுகில் ஊசி குத்திச் சதை எடுக்காமல், ஒரு சொட்டு ரத்தத்திலேயே நோயைச் சொல்லிவிடலாமாம்.

சோலையப்பன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். சர்க்கரை என்றால் நாக்கில் வைத்தால் தெரிய வேண்டும். நாக்குக்குத் தெரியாத சர்க்கரையை, கண்ணுக்குத் தெரியாத முள்ளில், பெற்ற மகளே பார்த்தேன் என்று சொன்னாலும் அவர் எப்படி நம்புவார்? உரக்கடைக்காரன் சொன்னதை நம்பாதவர், வானிலை அறிக்கையை நம்பாதவர். ஆனால் கொட்டை கேட்டால் கொடுப்பார். அதற்கு நம்பிக்கை தேவையில்லை.

படிக்கிற காலத்தில் ஒரு ஆனி மாதம் வந்து பதினொரு மரத்துக்கும் தகரத்தில் நம்பர் வெட்டி அவளே ஆணி அடித்தாள். ஒவ்வொரு மரத்திலும் கொட்டையும் இலையும் எடுத்துப் போனாள். ஆறு மாதம் கழித்து, "நாலாம் நம்பர், நாலாம் நம்பர்" என்று போனில் குதித்தாள். அன்றிலிருந்து வருடா வருடம் அந்த ஒரு மரத்துக் கொட்டையைச் செம்மண்ணில் பிரட்டி உலர்த்திப் பார்சல் போட்டு அனுப்புவது அவர் வேலை. "மண்ணு ஏன்ப்பா, கழுவிக் கழுவி மாளல" என்பாள். "மண்ணு இல்லாட்டிப் பூச்சி திங்கும், ஒன் மெஷினுக்கு என்ன தெரியும்?" என்பார்.

பிறகு கஜா புயல் வந்தது.

ஒரே ராத்திரியில் தென்னை அத்தனையும் போயிற்று, பலாவில் பாதி போயிற்று. நாலாம் நம்பர் இடுப்பளவில் முறிந்து கிணற்றுப் பக்கம் தலை வைத்துக் கிடந்தது. ஒன்பது நாள் கழித்துக் கறம்பக்குடியில் ஜெனரேட்டர் போட்டு, வரிசையில் நிற்கவைத்துப் போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். உயிர் வந்த போனில் முதலில் வந்தது மகளின் குரல். அப்போது ஜெர்மனியில் இருந்தாள்.

"அப்பா! நல்லாருக்கீங்களா? அம்மா நல்லாருக்கா? மரம் இருக்கா?"

மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டாள். மறுநாள் அவளுக்குப் பெங்களூர் வேலைக்கு நேர்காணல், போனிலேயே. சொந்தமாக ஒரு லேப் தருவார்களாம். மரம் இருந்தால்தான் அந்த வேலைக்கே அர்த்தம் என்றாள்.

ஒன்பது நாளாகக் கேட்டவர்களுக்கெல்லாம் "போச்சு, போச்சு" என்றே சொல்லி அலுத்திருந்த வாய் அது. சோலையப்பன், "இருக்கு" என்றார்.

சொன்ன வார்த்தையை மெய்யாக்க வேண்டி வந்தது. முறிந்த மரத்தைத் தரையோடு அறுத்து விற்றார். அடிக்கட்டையின் மேல் தென்னமட்டையைக் குவித்து மூடினார். பத்தடி தள்ளி அஞ்சாம் நம்பர் நின்றது. அதன் தகட்டைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிட்டு, அதன் இடத்தில் நாலாம் நம்பர் தகட்டை அடித்தார். அஞ்சாம் நம்பரை அவர் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கவில்லை. முந்திய வருடத்துப் பழத்தை நினைவில் வைத்து யோசித்தார். நாலாம் நம்பர்ச் சுளைக்குத் தேன் போல ஒரு இனிப்பு, விழுங்கும்போது கடைசியில் மெல்லிய புளிப்பு. பதினொரு மரத்தில் அந்தப் புளிப்பு அஞ்சாம் நம்பருக்கு மட்டும்தான் உண்டு. சுளை ஒன்றாக இருந்தால் கொட்டை மட்டும் வேறாகவா இருக்கும்? நாற்பது வருடம் பலா விற்ற நாக்கு அது.

மகள் ஊருக்குத் திரும்பி வந்தபோது தோப்புக்குப் போனாள். சோலையப்பன் முகத்தைக் காட்டாமல் பம்புசெட் அறைக்குள் நின்று பார்த்தார். அவள் அஞ்சாம் நம்பர் அடிமரத்தைத் தடவி, "அப்படியே இருக்குப்பா" என்றாள். தப்பித்தோம் என்றிருந்தது. கூடவே, இவ்வளவு படித்தும் இந்தப் பிள்ளைக்கு மரம் தெரியவில்லையே என்று சுருக்கென்றும் இருந்தது.

புதன்கிழமை காலையில் அவர் அரிவாளும் தீப்பெட்டியுமாகத் தோப்புக்குப் போனார். மட்டைக் குவியலை விலக்கினார். அடிக்கட்டை சாகவே இல்லை. வருடா வருடம் மழை முடிந்ததும் பக்கவாட்டில் துளிர் விடும். வருடா வருடம் அவர் வந்து யாருக்கும் தெரியாமல் அறுப்பார். இப்போதும் இரண்டு விரல் நீளத்துக்கு நாலைந்து கொழுந்து பளபளவென்று நின்றது. விசாரணைக்கு வருகிறவள் இதைப் பார்த்தால் என்ன கட்டை என்று கேட்பாள். காய்ந்த மட்டையை அதன் மேலேயே அடுக்கினார். கொளுத்திவிட்டால் கேள்வி இல்லை.

தீக்குச்சியை எடுக்கும்போது போன் அடித்தது.

"அப்பா, ஒரு நல்ல சேதி." மகளின் குரலில் நேற்றைக்கு இல்லாத தெம்பு. "நான் அன்னைக்கு எடுத்த எலை இன்னும் பத்திரமா இருக்கு. மேடமே மரத்துலேருந்து புது எலை பறிச்சுப் பழசோட ஒப்பிட்டுப் பாப்பாங்களாம். நம்ம ரத்தம் ஒத்துப் பாக்குற மாதிரிதான். ரெண்டும் ஒரே மரம்னு வந்துட்டா அப்பறம் ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாது."

"ஒரே மரம்னு வரலன்னா?"

"வராம எப்படிப்பா போவும்? அதே மரந்தானே?"

சோலையப்பன் மட்டைக் குவியலையே பார்த்தார். அவள், "சிக்னல் இல்ல போல" என்று தானே வைத்துவிட்டாள்.

தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்றுதான் நேற்று முழுக்க நினைத்திருந்தார். இப்போது வாயை மூடினால் அந்த இலையே அவளைக் கள்ளி என்று சொல்லிவிடும். திறந்தால், பெற்றவனே ஏழு வருடம் ஏமாற்றினான் என்று ஆகும். மட்டையை மட்டும் பழையபடி மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி பிச்சையம்மாள் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தகடு மாற்றிய அன்றைக்கு ஆணி எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

"சொல்லிருங்க."

"என்னத்தச் சொல்ல? இப்ப வந்து சொன்னா, மாட்டிக்கிட்டதும் அப்பனும் மகளும் சேந்து கத கட்டுறாங்கன்னு சொல்லுவாளுக."

"கத கட்டத் தெரிஞ்ச மூஞ்சியா ஒங்க மூஞ்சி? ஒரு நாலாம் நம்பரு பொய்ய ஏழு வருஷமா முழுங்க முடியாம நெஞ்சுல வெச்சுக்கிட்டுத் திரியிறீங்க."

"வறுக்குறத வறு. கருகுது."

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்தது, புள்ளியைப் பார்த்துத்தான். பிரகதீஸ்வரி இறங்கினாள், கண்ணுக்குக் கீழே கருப்பு கட்டியிருந்தது. பின்னால் இறங்கிய அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும், பருத்திப் புடவை, தோளில் பை. பெயர் மரிய செல்வி. ஏதோ இந்தியோ இங்கிலீஷோ பேசப்போகிறாள் என்று சோலையப்பன் விறைத்துக்கொண்டு நின்றார்.

"வணக்கம் அண்ணே. எனக்கும் இங்கிட்டுத்தான், ஆவூரு. எங்க வீட்டுலயும் ரெண்டு பலா நின்னுச்சு, கஜாவுல போயிருச்சு. ஒங்களுக்கு?"

"எனக்கும் போச்சு," என்றார் சோலையப்பன், தரையைப் பார்த்து.

தோப்பில் மரிய செல்வி யாரையும் பேசவிடவில்லை. தகட்டைப் படம் எடுத்தாள். அடிமரத்தை அளந்தாள். ஒரு நோட்டில் எழுதினாள். வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு சின்ன உறையைப் பிரித்து, தாழ்ந்த கிளையில் இலைக்குக் கை நீட்டினாள். பிரகதீஸ்வரி இரண்டு கையையும் கோர்த்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு பார்த்தாள், பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளை மாதிரி.

சோலையப்பன் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"அது இல்லம்மா."

கை நின்றது.

"எது இல்லண்ணே?"

"அது நாலாம் நம்பர் இல்ல. அஞ்சு. தகட நாந்தான் மாத்துனேன்."

கிணற்றுக்குள் ஒரு தவளை விழுந்த சத்தம் கேட்டது.

"என்னப்பா சொல்றீங்க?"

"கஜாவுல நாலு முறிஞ்சிருச்சு. நீ போன்ல கேட்ட, நான் இருக்குன்னுட்டேன். அப்பறம் ஒனக்கு வேல கெடச்சிருச்சு. ரெண்டு மரத்துக்கும் சுளை ஒரே ருசி. அதான் இதுலேருந்து அனுப்புனேன்."

"ஏழு வருஷமாவா?"

"ஏழு சீசன்."

பிரகதீஸ்வரி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பிள்ளையப் போட்டுத் திட்டுனேனேப்பா," என்றாள். "அவ கை சுத்தமாத்தான் இருந்திருக்கு. எல்லாரு கையும் சுத்தமாத்தான் இருந்திருக்கு." பிறகு தலையைத் தூக்கினாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன், கடிச்சா தின்னிருப்பேன்?"

"நீ கண்டுபிடிப்பேன்னு நெனச்சேன்," என்றார் சோலையப்பன். "கண்ணுக்குத் தெரியாததெல்லாம் பாக்குறவ. கண்ணு முன்னாடி நிக்கிற மரம் தெரியாமயா போவும்?"

அவள் முகம் அறை வாங்கியது போல ஆயிற்று. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே பட்டது. சொல்லியாகிவிட்டது.

மரிய செல்வி கையுறையைக் கழற்றவில்லை. "அண்ணே, நீங்க சொல்றத நான் எப்படி நம்புறது? இன்னைக்கு வசதிக்குச் சொல்றீங்கன்னு கேப்பாங்களே."

இந்தக் கேள்வி சோலையப்பனுக்குப் பிடித்திருந்தது. அவரும் அதைத்தான் கேட்டிருப்பார். மட்டைக் குவியலுக்குப் போய் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். அடிக்கட்டை வெளியே வந்தது, நாலைந்து கொழுந்தோடு. பக்கவாட்டில் அரிவாள் பட்ட தழும்பு, ஒன்றின் மேல் ஒன்றாக.

"வருஷா வருஷம் துளுத்துச்சு. வருஷா வருஷம் வெட்டுனேன். நேத்துக்கூடக் கொளுத்தத்தான் வந்தேன்."

பிரகதீஸ்வரி எழுந்து ஓடிவந்தாள். கட்டைக்கு முன்னால் முட்டி போட்டு, தொட்டால் விழுந்துவிடுமோ என்பது போல ஒரு விரலால் கொழுந்தைத் தொட்டாள். "உயிரோட இருக்கு மேடம்," என்றாள். "கொட்டை போட்டு வளந்த மரம், ஒட்டு இல்ல. வேருலேருந்து வந்தாலும் அதே மரந்தான்."

"அத எலை சொல்லட்டும்மா," என்றாள் மரிய செல்வி. ஒரு கொழுந்தைக் கிள்ளி ஓர் உறையில் போட்டாள். அஞ்சாம் நம்பர் இலையையும் பறித்து இன்னோர் உறையில் போட்டாள்.

காரின் முன்பக்கத்தில் நோட்டை வைத்து வாக்குமூலம் எழுதினாள். கையெழுத்து என்றதும் சோலையப்பன், "வாசிங்க. வாசிக்காம எதுலயும் நான் போடுறதில்ல" என்றார். அவள் வாசித்தாள். "...புயலில் மரம் முறிந்தபின், தவறுதலாக வேறு மரத்தின் கொட்டைகளை..."

"நிறுத்துங்க. தவறுதலா இல்ல. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"ஒங்களுக்காகத்தான் அப்படிப் போட்டேன்ணே. பேரு கெட்டுருமே."

"என் பேரு எனக்குத் தெரியும். தவறுதலான்னு எழுதுனா, எவனாச்சும் தடுமாறுன கெழவன்னு தள்ளிருவான். இல்ல, மக சொல்லிக் குடுத்து அப்பன் சொல்றான்பான். தெரிஞ்சே தகட மாத்துனேன், மககிட்ட மறச்சேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. இத எழுதுங்க. போடுறேன்."

மரிய செல்வி அந்த வார்த்தையை அடித்துவிட்டு அவர் சொன்னபடியே எழுதினாள். அவர் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்தது.

மகள் அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை. போகும்போது அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த நாற்பது நாள் சோலையப்பன் கட்டையைச் சுற்றி முள்வேலி போட்டு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் காவல் இருந்தார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்க் கொழுந்தை எண்ணிப் பார்ப்பார். ஒரு இலை பழுத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒருவேளை வேரிலிருந்து வருவது வேறாக இருந்தால்? பழைய இலையை அவள் அன்றைக்கே நம்பர் மாற்றிப் போட்டிருந்தால்? ஆனி போய் ஆடி வந்தது. போன் வந்தால் மகள்தானா என்று ஓடிப்போய் எடுப்பார். எல்லாம் வேறு யாரோ.

ஆடிக் கடைசியில், கடைசிப் பழத்தை இறக்கிக்கொண்டிருந்த மத்தியானம் அவள் கூப்பிட்டாள்.

"கொழுந்தும் பழைய எலையும் ஒண்ணுதான்ப்பா. அஞ்சாம் நம்பர் வேற."

சோலையப்பன் வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஒன் பேரு?"

"பொய்யின்னு சொன்னத எடுத்துட்டாங்க. ஆனா ஆறு வருஷத்துல எழுதுனத நானே வாபஸ் வாங்கணும். ஒங்க வாக்குமூலத்தையும் போடுறாங்க, நீங்க சொன்னபடியே. அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவ ஆராய்ச்சிய மொதல்லேருந்து செய்யணும். கொழுந்த ஒட்டுக் கட்டி வளத்தா நாலு வருஷத்துல காய்க்கும். அது வரைக்கும் லேப் வெச்சிருப்பாங்களான்னு தெரியல."

"வெட்டாம இருந்திருந்தா இந்நேரம் காச்சிருக்கும்," என்றார் சோலையப்பன்.

பிறகு, "இப்பவாச்சும் நம்புறீங்களாப்பா? ருசி ஒண்ணா இருந்தாலும் கொட்டை வேற வேறன்னு?" என்றாள்.

"வெயில்ல நிக்கிறேன். அப்பறம் பேசுவோம்."

போனை மடியில் செருகினார். இறக்கிவைத்த அஞ்சாம் நம்பர்ப் பழத்தை அரிவாளால் பிளந்து ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். தேன். விழுங்கும்போது கடைசியில் அதே மெல்லிய புளிப்பு. கொட்டையைத் துப்பிக் கையில் வைத்து, முன்னும் பின்னும் திருப்பி, வெயிலில் காட்டிப் பார்த்தார். வேலிக்குள் நிற்கிற கொழுந்தையும் ஒரு பார்வை பார்த்தார். அவர் நாலு என்று வெட்டிய புதுத் தகடு ஒன்று அதன் பக்கத்தில் குச்சியில் ஆடிக்கொண்டிருந்தது.

"எலை சொல்லுச்சாம்," என்றார்.

கொட்டையை வரப்போரம் எறிந்துவிட்டு, வேலிப் படலைக் கயிற்றால் இரண்டு சுற்றுக்கு மூன்று சுற்றாகக் கட்டி, இழுத்துப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தார்.